தொன்னெலி

ரேஷன் அட்டையில் எங்கள் குடும்பப் பெயர் நெல்லை.
திருநெல்வேலியில் எந்தப் பக்கம் என்று
பெண் பார்க்கப் போன வீட்டிலும் கேட்டார்கள்.
தாமிரபரணியை நான் பார்த்தது ஒரே ஒரு முறை,
ரயில் ஜன்னலில், இருட்டில்.

அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் தென்னெல்லி.
அவருடைய அப்பாவுக்குத் துறைமுகக் கூலிச் சீட்டில் தொன்னெலி.
பழைய எலி என்று யாரோ கூப்பிட்டிருக்கிறான்.
அடிதடி, இரண்டு நாள் கூலி பிடித்தம் என்று
அதே சீட்டின் பின்னால் சிவப்பு மையில் இருக்கிறது.

அந்த எலியைத் துரத்தியவன்
சித்தப்பா மகன் கிளெமென்ட்.
நாம் பிரெஞ்சுக்காரன் வம்சம்டா,
ஒரு காகிதம் கிடைத்தால் பாரிஸ் போய்விடலாம் என்றான்.
ஆறு சனிக்கிழமை ராயபுரத்தில் பஸ் ஏறி
பாரிஸ் வரைக்கும் போனோம்,
அரண்மனைக்காரத் தெரு கோயிலுக்கு.
அந்தத் தெருவில் அரண்மனை எதுவும் கிடையாது.
அர்மேனியர்கள் இருந்தார்கள்.
வாய் அவர்களை அரண்மனைக்காரர்கள் ஆக்கியது.
எங்களை நெல்லை ஆக்கியதற்கு
வாயை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது.

பதிவேட்டைப் புரட்ட மயிலிறகு மாதிரி ஒரு தூரிகை கொடுத்தார்கள்.
கப்புச்சின் சாமியாரின் கையெழுத்து
காற்றில் சாய்ந்த சவுக்குத் தோப்பு.
கிளெமென்ட் போனில் படம் பிடித்து
புதுச்சேரி நண்பனுக்கு அனுப்ப,
அவன் ஒவ்வொரு வரியாகச் சொன்னான்.

கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த வருடம்
கப்பலில் இருந்து இறங்கியவன் மத்துரேன்.
ஊர்ப் பெயரைப் பூச்சி தின்றுவிட்டது.
தொன்னெலியே: பீப்பாய் செய்பவன்.
குடிதண்ணீருக்கு, சாராயத்துக்கு, உப்பிட்ட இறைச்சிக்கு.
மூன்று வருடத்தில் கோட்டை கைமாறியது.
வந்தவர்கள் கப்பல் ஏறினார்கள்.
இவன் ஏறவில்லை.
காதல் என்றான் கிளெமென்ட்.
நாற்பது பீப்பாய்க்குப் பணம் பாக்கி என்றது அடுத்த காகிதம்.
அதற்கடுத்தது, அவற்றில் பதினொன்று ஒழுகுவதாக
இங்கிலீஷ்காரன் எழுதிய புகார்.
பணம் வந்ததாக எங்கும் இல்லை.

ஐந்தாவது சனிக்கிழமை அவன் செத்துப்போனான்.
மத்துரேன், தொன்னெலியே, காய்ச்சல்.
மனைவி இல்லை. பிள்ளை இல்லை.
கிளெமென்ட் எழுந்து டீ குடிக்கப் போனான்.

நான் புரட்டிக்கொண்டே இருந்தேன்,
வேறு வேலை இல்லாததால்தான்.
மூன்று பக்கம் தள்ளி
ஒரே நாளில் மூன்று ஞானஸ்நானம்,
மூன்றும் வளர்ந்த ஆண்கள்,
பீப்பாய்க் கொட்டகை ஆட்கள்.
சின்னான், இனி அந்துவான்.
மண்ணாங்கட்டி, இனி பியேர்.
மூன்றாமவன் பழைய பெயர் மைக்கறைக்குள்.
மூவருக்கும் பக்கத்தில் அதே சொல், தொன்னெலியே.

அது பெயரே இல்லை.
அந்தப் பக்கத்தில் மற்ற எல்லோருக்கும்
சாதி எழுதியிருந்த இடத்தில்
இவர்களுக்கு வேலையை எழுதியிருந்தார் சாமியார்.
களைப்பா, கருணையா,
அன்று நல்ல வெயிலா, தெரியாது.
அந்த இடத்தில் வேறு என்ன எழுதியிருக்க வேண்டும் என்று
டீ குடித்து வந்த கிளெமென்ட் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
மூவரில் நமக்கு யார் என்று மட்டும் கேட்டான்.
மைக்கறையாக இருக்கலாம் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

பெயரைச் சரியாக மாற்ற
அரசிதழுக்குப் படிவம் வாங்கி வைத்திருக்கிறான்.
பழைய பெயர், புதிய பெயர், காரணம்.
காரணத்துக்கு ஒன்றரை வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது
தெருமுனையில் தண்ணீர் லாரி வந்து போயிருந்தது.
ரோடு நனைந்து கிடந்தது, எங்களுக்குக் கிடைத்தது நாலு குடம்.
ரெஜினா நீல டிரம்மை
மடக்கிய விரலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்தாள்.
பாதிக்குக் கீழே சத்தம் மாறியது.
திங்கட்கிழமை வரைக்கும் வரும் என்றாள்,
நீ தலைக்குக் குளிக்காமல் இருந்தால்.