பதினெட்டுப் பாகை

மூன்றாம் குறுக்குத் தெருவில்
கிலோக் கணக்கில் விற்கிறார்கள்
ஏதோவொரு நாட்டுக் குளிர்காலம்
வேண்டாமென்று தள்ளிய நூலை.
வல்லாரைச் சம்பல் நிறம்.
"இதென்ன, வலை கட்டவோ?" என்றார் கடைக்காரர்.
சுவெட்டருக்கு என்றேன்.
வெளியே சித்திரை வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்தது.
அவர் இன்னொருதரம் நிறுத்துப் பார்த்தார்,
நூலையா என்னையா தெரியவில்லை.

யூனியன் பிளேஸ், ஏழாம் மாடி.
ஜன்னல் இல்லாத அறை.
குளிர் இயந்திரங்களுக்குத்தான், எனக்கல்ல.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
பதினெட்டுப் பாகையில்
நானும் நாற்பது இரும்பு அலுமாரிகளும்.
பச்சை மினுங்கினால் சுகம்.
சிவப்பு மினுங்கினால் யாரையாவது எழுப்பவேண்டும்.
பெரும்பாலும் பச்சைதான் மினுங்கும்.
கைகள் சும்மா இருந்தன.

கழுத்திலிருந்து தொடங்கினேன்.
வட்ட ஊசி. எண்பத்தெட்டுக் கண்ணி.
முன், பின், இரண்டு கை.
நான்கு எல்லைக்கும்
கேபிள் கட்டும் பட்டியை வளைத்து வளையமாக்கினேன்.
ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று
எல்லையின் இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணி கூடும்.
மூன்று தடவை அவிழ்த்தேன்.
அதில் ஒன்று, சிவப்பு மினுங்கி
எண்ணிக்கை பறந்ததால்.

முடியுமுன்னே போட்டுப் பார்க்கலாம்,
அதுதான் எனக்கு இதில் பிடித்தது.
கீழேயிருந்து பின்னுகிறவர்களுக்குக்
கடைசி வரை நம்பிக்கை இருக்கவேண்டும்.
என்னிடம் அவ்வளவு இல்லை.
இரவு இரண்டு மணி, கழிவறைக் கண்ணாடி.
தலையை உள்ளே விட்டேன்.
தோளில் பச்சை, விளிம்பெல்லாம் ஊசிக் கம்பி,
முதுகில் தொங்கும் நூல் தரைவரை.
காவலாளி வந்தார்.
ஒன்றும் பேசாமல் கை கழுவிவிட்டுப் போனார்.

இருநூற்று எண்பத்தெட்டில் கைகளைப் பிரித்தேன்.
அறுபத்து நான்கும் அறுபத்து நான்கும்
வெள்ளை நூலில் கோத்து ஓரமாய் நிறுத்தினேன்,
பஸ் வராத தரிப்பிடத்துச் சனம் போல.
அக்குளுக்கு ஆறு புதுக் கண்ணி.
இனி உடம்பு மட்டும்.
சுற்றிச் சுற்றிப் போகலாம், எண்ண வேண்டாம்.
முழுதும் முடிந்தால்
ஒரு தேயிலைப் பக்கற்றின் பாரம்தான் வரும்.

அந்த வாரம்தான் இந்திக வந்தான்,
குளிரூட்டி பார்க்கிறவன்.
மின்சாரக் கட்டணத்தின் பூச்சியங்களைக் காட்டினான்.
"புது மெஷினுக்கு இருபத்தேழு காணும், மச்சான்."
பொத்தானை ஒன்பது தரம் அழுத்தினான்.
ஒன்பது கீச்சு.
விடியுமுன் என் சட்டைக் கொலர் நனைந்துவிட்டது.
மடியில் முக்கால் சுவெட்டர்
பூனையைப் போலச் சுட்டது.

கொட்டாஞ்சேனை வீட்டில் எங்களுக்குக்
காலையில் இருபத்தைந்து நிமிடம்.
நான் வருவேன், சுபோதினி வெளிக்கிடுவாள்.
அவளுக்கு ஆஸ்பத்திரி, இரத்த வங்கி.
குளிர்ப்பெட்டியைத் திறந்து மூடி
விரல் நுனி எப்போதும் வெளிறியே இருக்கும்.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்திருந்தும்
என் அளவில்தான் தொடங்கினேன்.

பல்துலக்கி வாயிலிருக்க
அவளே எடுத்துத் தலையில் போட்டாள்.
கழுத்து அகலம். ஒரு தோள் வழுகிற்று.
"ஆருக்கு இது, உங்களுக்கோ?" என்றாள் நுரையோடு.
கழுத்து எனக்கு, என்றேன்.
அதுக்குக் கீழ உமக்கு.
கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.
"அப்ப இடுப்போட நிப்பாட்டுங்கோ.
கை முழங்கை மட்டும் போதும்.
நான் நாள் முழுக்கக் கை கழுவிறனான்."
துப்பிவிட்டு,
ஊசி கழன்றுவிடாமல் மெல்லக் கழற்றி
என் கையில் தந்தாள்.
முதல் முறையாக
அது கொஞ்சம் அவள் மணத்தது.

இன்றிரவு வெள்ளை நூலை உருவுவேன்.
தரிப்பிடத்தில் நின்ற அறுபத்து நான்கு பேரும் ஏறட்டும்,
கொஞ்சத் தூரப் பயணம்தான்.
கோனில் இன்னும் முக்கால் கிலோ மிச்சம்.
அறையில் இருபத்தேழு பாகை.
மேல் பொத்தான் இரண்டையும் திறந்துவிட்டு
வலக் கைக்கு உட்காருகிறேன்.