பதினொரு நாள் ஆண்டு

முதலில் நிலா கேட்டாள் மிலென்கா.
இரண்டு வேண்டும், ஒன்று பச்சையாய் இருந்தால் நல்லது.
புந்தா அரேனாஸ் வானிலை நிலையத்தில்
காற்றின் வேகம் குறிக்கும் எழுத்தன் நான்,
இரவுப் பணியில் கணக்குப் போட நேரமுண்டு.
உன் சூரியன் சிறிசு, சிவப்பு, சோம்பேறி;
குளிர்காய அதன் மடியருகே போகணும் உன் கோள்;
அவ்வளவு நெருக்கத்தில் நிலா தங்காது,
சூரியனே பிடுங்கிக்கொள்ளும் என்றேன்.
மூன்று அத்தியாயங்களை அடித்தாள்.
இரண்டு நாள் பேசவில்லை.

பிறகு சூடான எம்பனாடாவோடு வந்தாள்.
சொல், வேறென்ன கிடையாது?

விடியல் கிடையாது.
கோள் ஒரு முகத்தையே காட்டிச் சுற்றும்,
சூரியன் வானத்தில் அறைந்த ஆணி.
பாறையின் நிழல் விழுந்த இடத்திலேயே கிடக்கும்,
அதற்குள் உருகாத பனி.
இலைகள் கறுப்பாக இருக்கலாம்,
மங்கல் வெளிச்சத்தைச் சொட்டுச் சிந்தாமல் குடிக்க.
மேசையிலிருந்து விழும் கோப்பை
இங்கே உடைவதற்குக் கொஞ்சம் முந்தி உடையும்.
இருட்டுப் பாதியின் குளிர்
தரையோடு தரையாக வெளிச்சத்துக்கு ஓடிவரும்.
சூரியனைப் பார்த்து நிற்பவர் முதுகில்
எப்போதும் காற்று.

அது எனக்குத் தெரிந்ததுதான் என்று சிரித்தாள்.
காற்று முற்றும் மாதங்களில் எங்கள் தெருமுனைகளில்
மனிதர் பிடித்து நடக்கக் கயிறு கட்டுவார்கள்.
அந்தக் கயிற்றை அங்கேயும் கட்டினாள்.
நாவலில் நான் சரிபார்க்காதது அது ஒன்றுதான்.

ஆண்டுக்கு எத்தனை நாள்?
பதினொன்று. நம் நாளில்.

பேனா நின்றது.
கதையில் ஒருத்தி ஓராண்டு துக்கம் காக்கிறாள்,
இருட்டுப் பாதிக்கு வேட்டைக்குப் போன
தம்பி திரும்பவில்லை.
நான் எதுவும் கேட்கவில்லை.
மார்ச்சில் யெர்கோவின் நண்டுப் படகு
ஜலசந்திக்குள் போனதும்
ஒரு மிதவை மட்டும் கரை சேர்ந்ததும்
ஊருக்கே தெரியும்.

கோளைக் கொஞ்சம் தள்ளி வையேன் என்றாள்,
நாற்காலியைச் சொல்வதுபோல.

தள்ளினேன், ஆண்டு நம் ஆண்டளவு நீளும்வரை.
கடல் உறைந்தது.
கரியமில வாயு பனியாய் உதிர்ந்தது.
பதினான்காம் பக்கத்தில் எல்லோரும் செத்திருந்தார்கள்.
அப்படியானால் சூரியனைப் பெரிதாக்கு.
ஆக்கினேன். கோள் தன்பாட்டுக்குச் சுழன்றது,
விடியல் வந்தது, காற்று திசை மறந்தது,
இலைகளைப் பச்சையாக்கினேன், கயிறு தொய்ந்தது.
படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்:
இது பூமி. இங்கேதான் இருக்கிறேனே.

ஆகஸ்டில் கட்டு வந்தது.
ஆண்டு பதினொரு நாளாகவே இருந்தது.

பதினோராம் நாள் ஊரார் வந்து
கறுப்பாடையைக் கழற்றுகிறார்கள்,
சூப் ஊற்றித் தருகிறார்கள், குடிக்கிறாள்.
மறுநாள் அதையே எடுத்து உடுத்துகிறாள்.
மறுபடியும் ஊரார், மறுபடியும் சூப்.
ஒன்பதாம் ஆண்டில் ஒரு கிழவர் முணுமுணுக்கிறார்,
பதினேழாம் ஆண்டில் அவரே கிண்ணம் ஏந்தி வருகிறார்,
இருபதாம் ஆண்டில் உப்புக் கூடிவிடுகிறது,
யாரும் சொல்லவில்லை.
முப்பத்து மூன்று முறை.

பெருக்கிப் பார்த்தேன், தொழில் புத்தி.
முந்நூற்று அறுபத்து மூன்று.
நம் ஆண்டுக்கு இரண்டு நாள் குறைகிறது.
அந்த இடத்தில் ஒரு பக்கம்
வெறுமையாக விட்டிருந்தாள்.

பிழையா என்று தொலைபேசியில் கேட்டாள்.
அந்த இரண்டு நாளை என்ன செய்வதென்று
எனக்கும் தெரியவில்லை.
கணக்கு சரி என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
பிறகு பேரேட்டில்:
மேற்கிலிருந்து, மணிக்கு நூற்றுப் பத்து.
இன்னும் அடங்கவில்லை.