மூன்றாம் ஜன்னல்

"மலையாளியா? அப்போ
ஓணத்துக்கு ஊருக்குப் போகலையா?"
சிரிப்பு மேசை மேசையாகத் தாவியது.
மலையின் ஆள் சார், என்றேன்.
காதில் விழவில்லை.

கொட்டச்சேட்டிலிருந்து முதல் பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
குமட்டலை விழுங்கிக்கொண்டு
விண்ணப்பத்தை மடியில் அழுத்தி வந்தவள் நான்.

"பார்த்தா காட்டு சனம் மாதிரி இல்லையே.
கால்ல செருப்பு, கையில செல்லு.
எங்கே, உங்க ஆட்டம் ஒண்ணு
ஆடிக் காட்டு, நம்பறேன்."

ஆடுவேன்.
மே மாதம் சேர்வராயன் சாமிக்கு,
என் சனத்தோடு,
பாதம் வீங்கும்வரை.
இந்த மின்விசிறிக்கு அடியில் மாட்டேன்.

"உங்க சாதிச் சான்றிதழுக்கு
நீங்க என்ன சார் ஆடுனீங்க?"

கீபோர்டு ஒன்று நின்றது.
வரிசையில் யாரோ இருமினார்கள்.

படிவத்தைத் திரும்ப வாங்கினேன்.
ஒன்றாம் வகுப்பில் வாத்தியார்
நாகரிகமாக இருக்கட்டுமென்று வைத்த
சுகந்தியை அடித்தேன்,
தாள் லேசாகக் கிழிந்தது.
மேலே எழுதினேன்: சடைச்சி.

"பள்ளிச் சான்றிதழோட பேர் இடிக்குமே?"
இடிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.
வருவேன்,
இதே செருப்போடு.