சேத மதிப்பீடு

மஞ்சக்குப்பம் வீட்டுப் பரணிலிருந்து
தலையில் விழுந்தார்கள் 'இடிமுழக்க அறுவர்'.
அட்டை பாதி இல்லை.
மீதியில் தானே புயலின் பழுப்பு வரைபடம்.

அறுபத்து நாலு பக்கம்,
ஐம்பத்தெட்டில் அடிதடி.
எதற்காக என்று அன்று கேட்டதில்லை,
இன்றும் தெரியவில்லை.
டமால். சடசட. ணங்.
ஆறு பேரும் ஒரே நேரத்தில் பாய்கிறார்கள்,
எந்தக் கால் யாருடையதென்று
ஓவியருக்கே குழப்பம்.

இப்போது நான் இன்சூரன்ஸ் சர்வேயர்.
கை பென்சிலைத் தேடுகிறது:
பாலம் ஒன்று.
மாடிக் கட்டடம் பதினொன்று.
பஸ் ஏழு, அதில் ஒன்றை எறிந்தது நம் தரப்பு.
தண்ணீர்த் தொட்டியைச் சேர்க்கலாமா தெரியாது,
அடுத்த கட்டத்தில் முழுசாக நிற்கிறது.

நாற்பத்தொன்றாம் பக்கம், கீழ் மூலை,
கவிழ்ந்த தள்ளுவண்டி.
பக்கத்தில் குனிந்து எதையோ பொறுக்கும் ஆள்,
சுண்டுவிரல் நகமளவு.
புத்தகம் முழுக்கக் கறுப்பு வெள்ளை,
அவன் சட்டைக்கு மட்டும் ஸ்கெட்ச் பேனாப் பச்சை.

அக்கா அஞ்சலாட்சிதான்.
சண்டை விளையாட்டுக்கு வரமாட்டாள்.
கோடு தாண்டாமல் அடித்திருக்கிறாள்.

போன் போட்டேன், நெய்வேலியில் இருக்கிறாள்.
"அந்த வண்டிக்காரனா?
கொய்யாப்பழம்டா அது.
ரெண்டு உருண்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும், பாரு."

புரட்டினேன்.
தலைவனின் பூட்ஸ் பக்கத்தில்
பச்சையாய் இரண்டு புள்ளி.