சுழியம், சுழியம்

காராஷ்யோக்கில் நவம்பர் கடைசி.
பிற்பகல் இரண்டு மணிக்கே
ஜன்னல் கண்ணாடியில் என் முகம்தான் தெரிகிறது.
திரையில், மாத்தேயின் துருவ மான்கள்
இருநூற்றுச் சொச்சமும்
சிந்துப் பாலையின் ஓரத்தில் மேய்கின்றன.

"அங்கே வெயில் எப்படி, ரிஸ்தென்?"
தொலைபேசியில் கேட்டார். சிரிக்கவில்லை.
"கள்ளி தின்னப் பழகிவிட்டனவா?"

கழுத்துப்பட்டை அனுப்பியது
தீர்க்கரேகையை முன்னால் வைத்து.
நான் வாங்கியது
அட்சரேகைதான் முன்னால் என்று நம்பி.
இருபத்தைந்தும் அறுபத்தொன்பதும்
தொண்ணூறுக்குள் அடங்குகிற நல்ல பிள்ளைகள்;
எந்தச் சோதனையும் கைநீட்டி மறிக்கவில்லை.

இரண்டு பெயர்களை இடம் மாற்றினேன்.
பாலை காலியானது.
ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டி
குளம்பில் ஒரு மணல் ஒட்டாமல்
பனியில் வந்து நின்றன.

எண்ணிப் பார்த்தேன்.
ஒன்று குறைந்தது.

நூற்று நாற்பத்தேழாம் பட்டை
திருத்துமுன்பும் திருத்தியபின்பும்
ஆப்பிரிக்கக் கரைக்குத் தெற்கே, நடுக்கடலில்:
சுழியம், சுழியம்.
புரட்டிப் போட்டாலும் மாறாத ஒரே இடம்.

இடமே அல்ல அது.
வானம் தெரியாத பட்டை
ஒன்றும் அனுப்பாமல் இருக்கும், அவ்வளவுதான்.
அந்த ஒன்றுமில்லாததைப் பிடித்து எண்ணாக்கியவள் நான்.
போன மார்ச்சில், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்,
'மதிப்பு இல்லையெனில் சுழியம்' என்று
ஒரே ஒரு வரி.

"எத்தனை நாளாக?"
பதிவைத் திறந்தேன். நான்கு.
"அதற்கு முன்னால் வந்த எண்?"
ஆறு தசமத்தோடு வாசிக்கத் தொடங்கினேன்.
நான்காவதில் நிறுத்தினார்.
"போதும். அந்தப் பள்ளத்துக்குப் பாறைதான் கூரை."
ஐந்தாம் இலக்கம் ஒரு மானின் நீளம்,
ஆறாவது ஒரு குளம்பு.
அவற்றை அவர் காலாலேயே தேடிக்கொள்வார்.

இரவு பதினொன்றரைக்கு ஒரு படம் வந்தது.
டார்ச் வெளிச்சத்தில் ஒரு காது,
அதில் அவர்கள் குடும்பத்தின் மூன்று வெட்டுகள்.
மயிரில் உறைபனி.
நிமிர்ந்த காதா, சாய்ந்த காதா,
படத்தைப் பெரிதாக்கியும் பிடிபடவில்லை.
கேட்க விரல் போனது, திரும்பி வந்தது.

அந்த வரியை அழித்தேன்.
அதன் இடத்தில் எதையும் எழுதவில்லை.
இப்போது நூற்று நாற்பத்தேழு
வரைபடத்தில் எங்கும் இல்லை.
பட்டியலில் இருக்கிறது,
எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பில்,
எண்ணில்லாத இரண்டு கட்டங்களோடு.