ஐந்து யென்

ஜனவரி ஏழு. யோனாகோ கிளையின் பின்னறை.
கோயில் உண்டியல் பதினொரு சாக்காய் வந்து
இறங்கியிருக்கிறது,
பனி ஈரத்தோடு.

குவபாரா சாக்கைச் சாய்க்கிறாள்.
இயந்திரம் உதறி, நிமிர்த்தி,
ஐம்பது ஐம்பதாய் அடுக்கி,
தாளை இறுக்கிச் சுற்றி
இரு முனையையும் மடித்து நசுக்குகிறது.
டக்.
உருண்டு விழுகிறது ஒரு கட்டு.

ஒரு யென் காசுகளுக்கு
எண்ணும் கூலி காசைவிட அதிகம்.
பூசாரிக்கும் தெரியும். ஆனாலும் அனுப்புகிறார்.
வேண்டுதலைச் சில்லறை என்று
திருப்பிவிட முடியுமா?

பத்தே முக்காலுக்கு இயந்திரம் விக்கி நின்றது.
மூடியைத் திறந்தாள்.
நடுவில் துளையுள்ள ஐந்து யென்.
துளைக்குள் சிவப்பு நூல், மூன்று முடிச்சு.
யாரோ காசு முடிந்து போட்டிருக்கிறார்கள்.

"வெட்டிடு" என்றான் ஹிரோசே,
கத்திரியை நீட்டி.
அவள் வாங்கவில்லை.
நகத்தால் நெருடினாள்,
ஒருமுறை பல்லாலும்.
என்ன வேண்டுதலோ,
முடிச்சிட்டவருக்கு விரலில் பலம் அதிகம்.

பன்னிரண்டு நிமிடம்.
பதிவேட்டில் எழுதினாள்: அன்னியப் பொருள், ஒன்று.
காசு வரிசைக்குப் போனது,
முப்பத்தொன்றாவதாகவோ என்னவோ.
டக்.

நூலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
குப்பையில் போடக் கை வரவில்லை;
வீட்டுக்குக் கொண்டுபோகவும் பயம்,
யாருடைய காய்ச்சலோ, யாருடைய கல்யாணமோ.
கடைசியில் இயந்திரத்தின் பிடியிலேயே கட்டினாள்.
இரண்டு முடிச்சோடு
நிறுத்திக்கொண்டாள்.

திங்கள் காலை மீன்கடைப் பையன்
கல்லாவின் விளிம்பில் தட்டி
ஒரு கட்டை முட்டைபோல் உடைக்கிறான்.
கானாங்கெளுத்தி வாங்கியவளின்
ஈரக் கையில்
மீதி ஐந்து யென்.