நாலாம் மாடி

வெள்ளவத்தையில் ஒரு வேலை, நாலாம் மாடி,
குளிர் வரவில்லையாம் என்று
வத்தளைக் கடையிலிருந்து அனுப்பினார்கள்.
ஒழுங்கையின் பெயரைப் பார்த்த பிறகும்
வேறு ஆளை அனுப்பச் சொல்லவில்லை நான்.
காஸ் சிலிண்டரையும் ஏணியையும் ஏற்றிக்கொண்டு
இருபத்தாறு வருடத் தூரத்தை
முக்கால் மணித்தியாலத்தில் ஓட்டி வந்தேன்,
அதிலும் பாதி பேலியகொடை நெரிசல்.

வாசலில் காவலாளி புத்தகத்தை நீட்டினான்.
பெயர். அடையாள அட்டை இலக்கம். நேரம். நோக்கம்.
நூலில் கட்டிய பேனை.
பெயரை எழுதும்போது கை கொஞ்சம் விறைத்தது.
கதவுக்குப் பின்னால் பொலித்தீனில் தொங்கிய
பொலிஸ் பதிவுத் துண்டில் அம்மா
எங்கள் நாலு பேரையும் அப்படித்தான்,
ஒரு எழுத்தும் பிசகாமல்
எழுதி வைத்திருந்தா.
நோக்கம் என்ற இடத்தில் 'ஏசி' என்று போட்டேன்.

லிப்ட் ஏறுகிற இடத்தில் எங்கள் குசினி.
கார்கள் நிற்கிற இடத்தில் பியசீலி அன்ரியின் ஜாம் மரம்,
அதன் அடிதான் விக்கெற்.
தண்டவாளத்தைத் தொட்டால் சிக்ஸ்,
கடலில் விழுந்தால் அவுட்,
பந்துக் காசும் அடித்தவன் தலையில்.
பந்து போடுகிறவர் எப்போதும் கேதீஸ் அண்ணா,
மேல் அறையில் இருந்தவர், மன்னார்,
ஏஜென்சிக்காரன் சொல்லப்போகும் ஒரு நாளுக்காக
பெட்டியைக் கட்டியே வைத்திருந்தவர்.
ஓடி வந்து
நிலந்த வீட்டு மீற்றர் பெட்டியடியில் ஒரு துள்ளு,
பிறகு பந்து தெரியாது.
நான் மட்டை பிடித்தால் மட்டும் மெதுவாகப் போடுவார்.
அது எனக்குப் பிடிக்காது.

ஒரு விடியற்காலை ஜீப்பில் வந்தார்கள்.
அம்மா துண்டை எடுக்க ஓடினா.
ஒருவர் குனிந்து, சிரித்து,
சிங்களத்தில் என்னைக் கேட்டார்:
வேறு யார் இருக்கிறார்கள்?
நிலந்தவோடு சண்டை பிடித்துப் பழகிய சிங்களம் என்னுடையது.
வகுப்பில் முதல் கை தூக்குகிறவனைப் போல
'உட' என்றேன்.
மேலே.
அவர் என் தலையைத் தடவினார்.

வீட்டில் ஒருவரும் என்னை ஏசவில்லை.
ஏசியிருக்கலாம்.

நாலாம் மாடிக்குக் கொண்டு போய்விட்டார்களென்று
பெரியவர்கள் குரலைத் தணித்துப் பேசினார்கள்.
எங்கள் ஒழுங்கையில் அப்போது
இரண்டு மாடிக்கு மேல் ஒரு வீடும் இல்லை.
அங்கிருந்து பார்த்தால்
கடல் நல்லாய்த் தெரியும் என்று நினைத்தேன்.

பியசீலி அன்ரி குடையை எடுத்துக்கொண்டு போனா.
கடற்படை உடுப்பில் நிற்கும் செத்துப்போன புருஷனின் படத்தைக்
கைப்பையில் வைத்துக்கொண்டு
ஒவ்வொரு நாளும் போனா.
ஒன்பதாம் நாள் அவரோடு திரும்பி வந்தா.
அடுத்த மாதம்
எங்கள் வாடகையில் ஐந்நூறு ஏற்றினா.
இரண்டையும் ஒரே முகத்தோடு செய்தா.
அந்த முகத்தை எப்படிப் பார்ப்பதென்று
அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

பிறகு கேதீஸ் அண்ணா
படியில் இருந்துதான் ஆட்டம் பார்த்தார்.
பந்து அவரிடம் உருண்டு போனால்
காலால் தள்ளிவிடுவார்.
எனக்கும் தள்ளினார்,
நிலந்தவுக்குத் தள்ளியதைப் போலவே,
அதே வேகத்தில்.
ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது
மேல் அறை கூட்டித் துடைத்திருந்தது.
போய்ச் சேர்ந்தாரா என்று
கேட்க ஒரு விலாசம் இல்லை.

வீட்டுக்காரி தமிழ்தான், மெல்பேர்னிலிருந்து லீவில்.
பல்கனிக் கதவைத் திறந்துவிட்டு
'இந்தப் பக்கம் முதல் வந்திருக்கிறீங்களோ?' என்றாள்.
'வேலைக்கு' என்றேன்.
வெளிப்பெட்டியின் மூடியைக் கழற்றினேன்.
உப்புக்காற்று குழாய்களை அரித்து
பச்சையாய்ப் பூத்திருந்தது.
மூன்று வருடம்கூட ஆகாத மெஷின்.
கீழே ஐந்து நாற்பது ரயில்
கதவெல்லாம் ஆள் தொங்கப் போனது.
அதற்கப்பால் கடல்.
நல்லாய்த்தான் தெரிந்தது.
ஸ்பானரை வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
சம்பளத்தில் வெட்டுகிற அளவுக்கு நேரம் இல்லை.

இறங்கும்போது காவலாளி மறுபடி புத்தகத்தை நீட்டினான்.
'உட வெட இவரத?'
மேல் வேலை முடிந்ததா.

முடியவில்லை, ஒரு சாமான் மாற்ற வேண்டும்,
இன்னொரு நாள் வரவேண்டியிருக்கும் என்றேன்.
வெளியேறிய நேரத்தை எழுதினேன்.
பேனையில் மை இல்லை,
இரண்டு தரம் அழுத்தினேன்.